பெட்டியின் எடையும் பயணச்சீட்டின் எழுத்தும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்று, அவ்வாண்டு ஜூன் 11 முதல் பயணிகளின் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரத்தின் வண்ணங்களை நினைவூட்டும் முகப்பும், சுவர்களை அழகுசெய்யும் ஓவியங்களும், அகன்று உயர்ந்த கூடமும் காண்போர் கண்ணைக் கவர்வன. ஆயினும் அங்குச் செல்லும்போதெல்லாம் நம் கண் நிலைத்து நிற்கும் இடம் வேறு. செக்-இன் கவுன்டர்களுக்குச் சற்று முன்னால், பளபளக்கும் அத்தரையில், மக்கள் குந்தியமர்ந்து கட்டிய பெட்டிகளை மீண்டும் பிரிக்கும் இடமே அது.

இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் செல்கின்றன. தஞ்சை, புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், சிவகங்கை எனப் பல மாவட்டத்தாருக்கு இதுவே வெளிநாட்டு வாயில். அட்டைப் பெட்டிகள், அவற்றைச் சுற்றி நைலான் கயிறு, மேலே மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீட்டின் அடுப்படியிலிருந்து வருகிறது என்பதை அதன் மணமே சொல்லிவிடும்.

ஒருமுறை நாம் பயணம் மேற்கொண்டிருந்த இரவில், வரிசையில் நமக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் நின்றான். வளைகுடாவில் வேலைக்கு முதன்முறையாகச் செல்பவன். அவனுடைய பெட்டி தராசுப் பட்டையில் ஏறியதும் எண்கள் ஓடி 34.6 என்று நின்றன. அனுமதி 30 கிலோ. கவுன்டரில் இருந்த பெண் கூடுதல் எடைக்கெனக் கேட்ட தொகை அவன் கையிலிருந்ததைவிட அதிகம். அவன் ஒதுங்கிச் சென்று கயிற்றை அறுத்தான். முதலில் வெளிவந்தது அரிசி மாவு. அடுத்து ஊறுகாய் ஜாடி. பிறகு இட்லிப்பொடிப் பொட்டலங்கள். இரும்புத் தோசைக்கல்லை எடுத்தான், பார்த்தான், மறுபடி உள்ளே வைத்தான். எடுத்தவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாயிலுக்கு ஓடி, காவலரின் அனுமதியோடு வெளியே நின்ற தந்தையிடம் கொடுத்தான். திரும்புமுன் அவன் சொன்ன சொல் நம் காதில் விழுந்தது: “அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா. எல்லாம் ஏத்தியாச்சுன்னு சொல்லிடுங்க.”

அவன் விதியை மீற எண்ணியவன் அல்லன். அவனுடைய பயணச்சீட்டிலேயே ‘30 கே’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அதன் பொருள் இன்னதென்று சீட்டை வாங்கிக்கொடுத்த ஏஜென்ட் சொல்லவில்லை. வீட்டில் இருந்தோருக்குத் தெரியவில்லை. நம் பங்குகளில் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் இவ்வாறு புறப்படுகிறார்கள். ஆகவே அந்த எழுத்துகளை வீட்டில் அமர்ந்தே வாசிக்கும் வழியை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

பயணச்சீட்டில் ‘பேகேஜ்’ என்ற சொல்லுக்கு நேரே இருவகைக் குறிப்புகளில் ஒன்று இருக்கும். ‘30 கே’ அல்லது ‘20 கே’ என்றிருந்தால் அது எடைக் கணக்கு. ஒப்படைக்கும் பெட்டிகளின் மொத்த எடை அத்தனை கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். ‘2 பி.சி.’ என்றிருந்தால் அது எண்ணிக்கைக் கணக்கு. அமெரிக்கா, கனடா செல்லும் வழித்தடங்களில் பெரும்பாலும் இதுவே வழக்கம். இரண்டு பெட்டிகள், சாதாரண வகுப்பில் ஒவ்வொன்றும் 23 கிலோ என்பது அங்கே பரவலாகக் காணப்படும் அளவு. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகின்றனர். ஒரு பெட்டி 26 கிலோ, மற்றொன்று 20 கிலோ; கூட்டினால் 46தானே என்று வாதிடுவர். எண்ணிக்கைக் கணக்கில் கூட்டலுக்கு இடமில்லை. 26 கிலோப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. 20 கிலோப் பெட்டியில் மிஞ்சிய இடம் வீணே. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேற்போகக் கூடாது என்ற அளவும் இவ்வழிகளில் உண்டு.

‘0 பி.சி.’ அல்லது ‘நில்’ என்றிருந்தால், ஒப்படைக்கும் பெட்டி எதுவும் அச்சீட்டின் விலையில் சேரவில்லை என்று பொருள். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து வாங்கும் சீட்டுகளில் இவ்வெழுத்து ஒளிந்திருப்பதுண்டு. நம் நாட்டிலும், கைப்பையோடு மட்டும் செல்வோருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தர உள்நாட்டு விமான நிறுவனங்களுக்கு 2021 பிப்ரவரியில் அனுமதி வழங்கப்பெற்றது.

எந்தக் கணக்காயினும் தனியொரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பிரித்துக் கட்டச் சொல்லும். பணம் கொடுத்தாலும் பயனில்லை. ஒவ்வொரு பெட்டியையும் விமானத்தின் வயிற்றுக்குள் தூக்கி அடுக்குபவரும் ஒரு மனிதரே. அவருடைய முதுகெலும்பைக் காக்க எழுந்த வரம்பு இது. கட்டணங்களைப் பற்றி முணுமுணுக்கும் நாம் இதைப் பற்றி மட்டும் முணுமுணுக்க மாட்டோம்.

பெட்டிக்கு ஏன் தனிக் கூலி என்று வயதானவர்கள் கேட்கின்றனர். முன்னாளில் சீட்டின் விலைக்குள்ளேயே அது அடங்கியிருந்தது உண்மை. 1978இல் அமெரிக்க அரசு, உள்நாட்டு விமானக் கட்டணங்களின்மேல் தனக்கிருந்த பிடியைத் தளர்த்திச் சட்டம் இயற்றியது. நிறுவனங்களுக்கிடையே விலைப்போட்டி மூண்டது. 2008இல் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய் ஒன்றுக்கு 140 டாலரையும் கடந்து ஏறிய வேளையில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் முதல் பெட்டிக்கே 15 டாலர் வசூலிக்கத் தொடங்கிற்று. மற்றவை பின்தொடர்ந்தன. 2010இல் ஸ்பிரிட் என்னும் நிறுவனம், தலைக்குமேல் உள்ள அடுக்கில் வைக்கும் கைப்பெட்டிக்கும் விலை வைத்தது. பெட்டிகள் இரண்டு வரை இலவசம் என்பதையே தன் பெருமையாக விளம்பரம் செய்துவந்த சவுத்வெஸ்டும், 2025 மே 28 முதல் வாங்கப்படும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பின்னர் எண்ணெய் விலை இறங்கிய ஆண்டுகளில் இக்கட்டணம் இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை முழுக்கக் கொள்ளை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கைப்பையோடு ஏறுபவன் அடுத்தவன் பெட்டிக்கும் சேர்த்துக் கூலி தருவது மட்டும் நியாயமாகுமா? நமக்கு உறுத்துவது வேறொன்று. பெட்டிக்கான எடையை வீட்டிலிருந்தே முன்கூட்டி வாங்குபவருக்கு ஒரு விலை; விமானம் புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கையில் கவுன்டரில் வாங்குபவருக்கு அதைவிட மிகுந்த விலை. அறிந்தவன் குறைவாகக் கொடுக்கிறான். அறியாத ஏழை அதிகமாகக் கொடுக்கிறான், அல்லது அம்மா கொடுத்த மாவைத் திருப்பிக் கொடுக்கிறான். ஆகவே எடை கூடும் என்று தெரிந்தால் ஏஜென்ட் வழியாகவோ நிறுவனத்தின் இணையதளத்திலோ முன்னரே ஐந்து கிலோ, பத்து கிலோ என வாங்கிவிடுவதே நலம். சீட்டு வாங்கும்போது ஏஜென்டிடம், “பெட்டிக்கு எத்தனை கிலோ? கைப்பைக்கு எத்தனை கிலோ?” என்ற இரண்டு கேள்விகளையும் வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

எடை பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கும் சிறிய தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லையெனில், ஆள் எடை பார்க்கும் கருவியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் நின்று கழித்துப் பாருங்கள். கிராமத்தில் மண்டித் தராசு இருக்கவே இருக்கிறது. கயிறு கட்டுவதற்கு முன் பாருங்கள். ஒரு கிலோவாவது இடம் விட்டுக் கட்டுங்கள்.

திரும்பி வருவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. குவைத்திலிருந்து மும்பைக்கு ஒரு சீட்டு, மும்பையிலிருந்து மதுரைக்கு மற்றொரு நிறுவனத்தில் தனியாக ஒரு சீட்டு என்று வாங்கினால், இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். முதற்சீட்டில் 30 கிலோ இருக்கலாம். உள்நாட்டுச் சீட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். சுங்கச் சோதனைக்காக மும்பையில் பெட்டியை எடுத்தாக வேண்டும். எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போது மீதி 15 கிலோவுக்கும் கூலி கேட்பர். ஈராண்டு உழைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிய பொருளுக்கு, ஊர் வாசலில் இப்படியொரு தண்டம்! முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்கினால் பொதுவாக முதலிலிருந்து முடிவு வரை ஒரே அளவு செல்லும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று சீட்டைத் துண்டாக்குமுன் இக்கணக்கையும் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனிக் கைப்பை. நம் நாட்டில் சாதாரண வகுப்புக்கு ஒரு பை, 7 கிலோ என்பது வழக்கம். அதனுள் நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டிகளில் நீர்மப் பொருள் எதுவும் வெளிநாட்டுப் பயணத்தில் கூடாது. 2006 ஆகஸ்டில், நீர்ம வெடிப்பொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று இலண்டனில் வெளிப்பட்டதன் பின் வந்த விதி இது. ஊறுகாய், நெய், தேன் ஆகியவையும் இக்கணக்கில்தான் சேரும். புதிய ஸ்கேனர் கருவிகள் வந்துள்ள சில நிலையங்களில் இது தளர்ந்திருப்பினும், வழியிலுள்ள எல்லா நிலையங்களிலும் அப்படி என்று நம்பிச் செல்லுதல் தகாது.

இவ்விதி எவரையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2007 ஆகஸ்டில், வத்திக்கானின் ஆதரவோடு உரோமையிலிருந்து லூர்து நகருக்குத் திருப்பயணிகளுக்கான தனி விமானம் முதன்முதலாகச் சென்றது. திரும்பும் வேளையில், மாதா உருவில் அமைந்த புட்டிகளில் திருப்பயணிகள் கொண்டுவந்த லூர்து தீர்த்தத்தைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அலுவலர்கள் பறிமுதல் செய்தனர். ஒருவர் மட்டும் கொடுக்க மனமின்றி, தம் புட்டியிலிருந்த நீர் முழுவதையும் அங்கேயே குடித்துவிட்டாராம்! அவருடைய பக்தியை நாம் குறைகூறோம். ஆனால் அதே புட்டியை இறுக மூடி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்திருந்தால் வீடு வந்து சேர்ந்திருக்கும். திருநாட்டுக்கும் லூர்துக்கும் செல்லும் நம் மக்கள் இதை நினைவில் கொள்வார்களாக.

மாறாக, ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாதது பவர் பேங்க். அதிலுள்ள லித்தியம் மின்கலம் சில வேளைகளில் தானே தீப்பற்றும். அடிப்பகுதியில் பற்றினால் அணைக்க ஆளில்லை. ஆதலால் அதைக் கைப்பையில்தான் கொண்டு செல்லவேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டதாயின் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கொப்பரைத் தேங்காயோ இரண்டிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானே சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. நகை, பணம், சான்றிதழ், மருந்து ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

பெட்டி வந்து சேராவிட்டால்? 1999இல் மான்ட்ரியல் நகரில் உருவாகி, 2009இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று நமக்குத் துணை நிற்கிறது. அதன்படி ஒரு பயணியின் சாமான்களுக்கு நிறுவனம் ஏற்கவேண்டிய பொறுப்பின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்.; அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது உச்சவரம்பேயன்றி, கேட்டவுடன் எண்ணிக் கொடுக்கும் தொகையன்று. பெட்டிக்குள் இருந்தவற்றின் மதிப்பை நாம் காட்டியாக வேண்டும். அதற்கு, கட்டுமுன் திறந்த பெட்டியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது உதவும்.

பெட்டி உடைந்திருந்தால் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிடுதல் வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் முதற்படி, பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்று தெரிந்தவுடன், அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னரே நிறுவனத்தின் கவுன்டருக்குச் சென்று ‘பி.ஐ.ஆர்.’ எனப்படும் புகார்ச் சீட்டைப் பதிந்து வாங்குவது. அப்போது அவர்கள் முதலில் கேட்பது, புறப்படும்போது போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தந்த அந்தச் சிறிய டேக் துண்டை. பெட்டி வீட்டுக்கு வந்து, திறந்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்க்கும் வரை அதைக் கிழித்தெறிய வேண்டாம்.