நாள் குறிக்குமா குருதி?

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்காது. தோட்டப்புறத்து மூதாட்டியர் வாயிலிருந்து இதனைக் கேளாதவர் நம்முள் குறைவு. இது நமக்கு மட்டுமே உரிய நம்பிக்கையும் அன்று. பண்டைய கிரேக்கத்து மருத்துவ மரபில் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு! உண்மையோ இதற்கு நேர்மாறானது. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் கிடைக்கும் வரவு. எட்டாம் மாதக் குழந்தைக்கே வாய்ப்பு மிகுதி. (பொறுமையற்ற மாணவனைப் பார்த்துக் "குறைமாதத்தில் பிறந்தவனா நீ?" என்று வகுப்பறையில் கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவ்வாறே பிறந்த பிள்ளை அதே வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதைக் கேட்பவர் எண்ணுவதில்லை.)

37 வாரம் நிறைவதற்கு முன் நிகழ்வதைக் குறைமாதப் பேறு என்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணமும் இதுவே.

எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியை ஒருவர் இரண்டாம் முறையாகக் கருவுற்றிருக்கின்றார். மூத்த மகன் 29ஆம் வாரத்தில் பிறந்து, பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து மீண்டவன். அண்மையில் ஆசிரியர் அறையில் என்னருகே வந்தமர்ந்து, "அக்கா, இரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றார்களாமே! அமெரிக்காவிற்கு அனுப்பினால் நமக்கும் பார்ப்பார்களா?" என்று வினவினார். நான் தமிழாசிரியை, மருத்துவம் பயின்றவள் அல்லள். ஆயினும் அவர் கேட்ட குரல் என்னை விடவில்லை. தேடிப் படித்தேன்.

இத்தேடல் புதிதன்று. 1995ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் ரோஜர் சுமித் குழுவினர், நஞ்சுக்கொடி சுரக்கும் சி.ஆர்.எச். என்னும் இயக்குநீரைத் தாய்மாரின் குருதியில் அளந்தனர். முன்கூட்டியே ஈன்றவர்களிடம் அது 16 முதல் 20 வாரத்திற்குள்ளாகவே உயர்ந்திருந்தது. நஞ்சுக்கொடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகின்றது என்று அதற்கு அழகாகப் பெயரிட்டனர். எனினும் ஒரு தாயின் அளவும் மற்றொரு தாயின் அளவும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தமையால், அது அன்றாடப் பரிசோதனையாக மலரவில்லை.

2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைச் சேர்த்து நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. ஐ.பி.பி.4, எஸ்.எச்.பி.ஜி. என்னும் இரண்டு புரதங்களின் விகிதத்தை ஐந்தாம் மாத அளவில் பார்ப்பது அம்முறை. நம் வழக்கில் சொன்னால், வளைகாப்புக்கு முன்னரே! 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் குவேக் குழுவினர், தாயின் குருதியில் மிதக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளிலிருந்து ஏழு மரபணுக்களின் குரலைக் கேட்டு, பேறுகாலத்திற்கு இரண்டு மாதம் முன்பே கணிக்க முயன்றனர். செய்தித்தாள்கள் கொண்டாடிய ஆய்வு அது. ஆனால் குறைமாதப் பேறு குறித்து அதில் ஆராயப்பட்டவர்கள் சில பத்துப் பெண்கள் மட்டுமே. அவர்களும் முன்னரே ஆபத்துடையவர் எனக் கருதப்பட்டவர்கள். அவ்வளவு சிறிய கூட்டத்தைக் கொண்டு உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் நாள் குறித்துவிட இயலாது.

இவ்விடத்தில் ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் தாய்மார், அவர்களுள் நூறு பேருக்குக் குறைமாதப் பேறு நிகழவிருக்கின்றது. ஒரு பரிசோதனை நூற்றுக்கு 75 விழுக்காடு சரியாகச் சொல்கின்றது எனக் கொள்வோம். நூறு பேரில் 75 பேரைக் கண்டுபிடித்துவிடும். 25 பேரைத் தவறவிடும். மீதமுள்ள 900 பேரில் 225 பேருக்குத் தேவையின்றி அபாய மணி அடிக்கும். ஆக, எச்சரிக்கப்படுவோர் 300 பேர். அவர்களுள் உண்மையிலேயே முன்கூட்டி ஈனப்போகின்றவர் நால்வரில் ஒருவரே. ஏனைய மூவர் எத்தனை இரவு உறங்காமல் கிடப்பார்களோ! '75 விழுக்காடு' என்று தலைப்புச் செய்தியில் காணும்பொழுது, இந்த 225 பேர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அச்சமூட்டினால் மருந்தும் இருக்க வேண்டுமன்றோ? இங்கேதான் சிக்கல். முன்பு குறைமாதத்தில் ஈன்ற தாய்மாருக்கு 'மெக்கீனா' என்னும் ஊசிமருந்தை அமெரிக்க அரசு 2011இல் ஏற்றது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டிற்று. 2023இல் ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அவ்வூசியைப் போட்டுக்கொண்ட பெண்களை நினைத்துப் பார்க்கின்றேன்.

நம்பிக்கை தருவன வேறு சில. 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்சும் ஹௌவியும், தாய்க்கு இடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை விரைந்து பக்குவப்படுத்தும் என்று நிறுவினர். பேற்றுக்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் இட்டால்தான் அதன் முழுப்பயன் கிட்டும். எனவே, 'என்றாவது ஒருநாள்' என்று சொல்லும் பரிசோதனையைவிட 'இந்த வாரத்தில்' அல்லது 'இந்த வாரத்தில் இல்லை' என்று சொல்லும் பரிசோதனையே மருத்துவருக்குப் பெரிதும் தேவை. பச்சிளங் குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து பல மணி நேரத் தொலைவில் வாழும் தாயை முன்கூட்டியே நகருக்கு அனுப்பலாம். குழந்தையைக் கொண்டுசெல்ல அதன் தாயின் கருப்பையைவிடச் சிறந்த ஊர்தி வேறில்லை.

குருதி உண்மையிலேயே பயன் தந்திருப்பது பிரீஎக்ளாம்சியா என்னும் நோயில். இரத்த அழுத்தம் ஏறித் தாயின் உயிருக்கே கேடு சூழும்பொழுது, மருத்துவரே குழந்தையை முன்னதாக வெளியே எடுக்க நேர்கின்றது. நஞ்சுக்கொடி அளவுமீறிச் சுரக்கும் எஸ்.எஃப்.எல்.டி.1 என்னும் புரதம் இந்நோய்க்குப் பின்னணியில் இருப்பதை 2003இல் பாஸ்டனில் வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அனந்த் கருமஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அப்புரதத்தையும் பி.எல்.ஜி.எஃப். என்னும் மற்றொன்றையும் ஒப்பிட்டு, விகிதம் 38க்கு மேற்படவில்லையாயின் அடுத்த ஒரு வாரத்திற்கு அந்நோய் வருவது மிக அரிது என்று 2016இல் காட்டினர். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதல் மூன்று மாதக் குருதிக் குறிகளோடு இரத்த அழுத்தம், வருடிப் படம் முதலியவற்றையும் கூட்டி ஆபத்துடையோரைப் பிரித்தறிந்து, இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தனர். 37 வாரத்திற்கு முன் வரும் பிரீஎக்ளாம்சியா 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. அறிதலும் மருந்தும் ஒன்றாய்க் கைகோத்த இடம் இது.

இவற்றையெல்லாம் என் தோழியிடம் சொன்னேன். அவருக்கு மிக வலுவான குறி குருதியிலேயே இல்லை. முதல் மகனின் பிறந்தநாளில் இருக்கின்றது. முன்பு குறைமாதத்தில் ஈன்றவர் என்பதனைத் தாய்சேய் நல மருந்தகத்துத் தாதி கேட்டறிந்து, இளஞ்சிவப்புப் புத்தகத்தில் குறித்து, வண்ண அடையாளமும் ஒட்டிவிட்டார். நிபுணரிடம் அனுப்பியிருக்கின்றனர். கருப்பை வாயின் நீளத்தை வருடிப் படத்தில் அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்து தருவது பற்றி முடிவு செய்வார்கள். அமெரிக்காவிற்குக் குருதி அனுப்பும் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

இப்பொழுது அவருக்கு 15 வாரம். முதல் அளவீடு அடுத்த வாரம். மூன்றாம் மாடியிலிருந்த அவருடைய வகுப்பைத் தலைமையாசிரியர் கீழ்த்தளத்திற்கு மாற்றிக் கொடுத்திருக்கின்றார்.