ஐந்து வயதுக்கு முன்

எங்கள் கரையோர ஊர்களில் திருமணமானால் மருமகன்தான் பெண் வீட்டுக்கு வருவார். ஆதலால் மகளின் பிள்ளைகள் மூத்தாப்பாவின் கண்முன்னே வளர்வார்கள். கல்முனையில் என் பேரனும் அவ்வாறே வளர்ந்தான். ஆயினும், இரண்டரை வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை என்பதை முதலில் உணர்ந்தவன் நானல்லன், அவனுடைய உம்மா.

"ஆம்புளப் புள்ள, சுணங்கித்தான் பேசுவான்" என்று அவள் வாயை அடைத்தவன் நான். பிறர் சொல்வதைக் கேட்டு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன், சொந்த மகள் சொன்னதைக் கேட்கவில்லை. ஓராண்டு வீணாயிற்று. பிறந்தவுடன் தரப்பட்ட சுகாதாரப் பதிவேட்டில், எந்த வயதில் பிள்ளை உட்கார வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும் என்பதெல்லாம் அச்சிடப்பட்டிருந்தது. நாங்கள் நிறை ஏறியதா என்று மட்டுமே பார்த்தோம்.

மூன்றரை வயதில் முன்பள்ளிக்கு அழைத்துச் சென்றோம். "பேசத் தொடங்கியதும் கூட்டி வாருங்கள்" என்றார் ஆசிரியை. பேச்சு வரட்டும் என்றுதானே கூட்டி வந்தோம்! அவரை நான் குறை கூறவில்லை. இத்தகைய பிள்ளையைக் கையாள அவருக்கு யாரும் பயிற்சி அளித்திருக்கவில்லை.

பின்னர் இரவு பஸ்ஸேறிக் கொழும்புக்குப் போனோம். பரிசோதித்தவர் அன்பானவர், ஆனால் சிங்களத்தில்தான் பேசினார். படங்களைக் காட்டி அவர் கேட்டவை எங்கள் வீட்டில் ஒலிக்காத சொற்கள். அறியாத மொழியில் கேட்டால் பேசுகிற பிள்ளையும் ஊமையாகத்தானே இருக்கும்?

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் கட்டாயக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. 1997இன் ஒழுங்குவிதிகள் 14 வயது வரை என்றன. 2016இல் அது 16 ஆயிற்று. மேல் எல்லை உயர்ந்ததே தவிர, கீழ் எல்லை இறங்கவில்லை. விசேட கல்வி அலகுகள் பாடசாலைகளில் இருக்கின்றன. முன்பள்ளிகளோ மாகாண சபைகளின் பொறுப்பில். இரண்டுக்கும் இடையில் விழுகிறது, மூளை மிக விரைவாக வளரும் பருவத்திலுள்ள பிள்ளை. அமெரிக்கா 1986இலேயே தன் சட்டத்தைத் திருத்தி, மூன்று வயதிலிருந்து இச்சேவையை உரிமையாக்கியது.

கடைசியில் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவர் கிடைத்தார். அவர் பேரனைவிட எங்களுக்கே அதிகம் கற்பித்தார். குளிப்பாட்டும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். கேட்கும் முன்னே எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் முயலும்வரை பொறுத்திருங்கள் என்றார். நான்கரை வயதில் "தண்ணி" என்றான். இப்போது என்னை "மூத்தா" என்கிறான். மீதி எழுத்துகளுக்குக் காத்திருக்கிறோம்.

2004 ஆழிப்பேரலை முதல் எத்தனையோ துயரங்களை எழுதியிருக்கிறேன். விருந்தினர் வந்தால் இத்தகைய பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பிவிடும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. என் வீட்டுக்குள் வந்த பிறகே எழுதுகிறேன் என்பது எனக்கு வெட்கம்தான்.

உங்கள் பிள்ளையைப் பற்றி அதன் உம்மாவுக்கு ஐயம் எழுந்தால், எங்களைப் போன்ற மூத்தாப்பாமாரின் ஆறுதலைக் கேட்காதீர்கள். அந்த வாரமே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.