மூன்று சொற்களோடு ஒரு கடற்பயணம்

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் நெடுங்காலமாக ஒரு விளையாட்டு நடந்துவந்தது. காலைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக் கட்டங்களை முதலில் நிரப்பி முடிப்பவர், விடைகளுள் மூன்று சொற்களைத் தெரிந்து பலகையில் எழுதிவிடுவார். மாலை மணி அடிப்பதற்குள் அம்மூன்றும் அமைய ஒரு குறள் வெண்பா இயற்றவேண்டும். பொருள் எதுவாயினும் ஆகலாம். தளை தட்டலாகாது என்பது ஒன்றே விதி.

இதனைத் தொடக்கிவைத்தவர் எங்கள் தமிழ்ப் பண்டிதர். நானோ கணிதம் கற்பிப்பவன். "வெண்பாவும் உமது கணக்குத்தான். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். இந்த மூன்று வாய்பாட்டையும் மீறாதிரும், மிகுதி தானே வரும்" என்று கூறி என்னையும் அதில் இழுத்துவிட்டார்.

ஒருநாள் குடை, கடன், மழை என்னும் சொற்கள் பலகையில் ஏறின. என்னிடம் குடையும் பணமும் இரவல் பெற்றுச் சென்ற அன்பர் ஒருவர் அவ்வறையிலேயே இருந்தார். அன்று மாலை நான் எழுதியது இது:

கொடுத்த குடைபோல் கொடுத்தகடன் காசும்
அடுத்த மழைக்கே வரும்.

மறுநாட் காலை குடை வந்து சேர்ந்தது. பணத்துக்கு இன்னும் மழை பெய்யவில்லை!

பண்டிதர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் பாரிசவாதம் அவரைத் தாக்கியது. வலக்கை விழுந்தது, பேச்சும் நின்றது. கூறுவது யாவும் அவருக்கு விளங்கும். சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன, வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் வைத்தியர். வாழ்நாள் முழுவதும் சொல்லையே கருவியாகக் கொண்டவருக்கு இதனினும் கொடிய தண்டனை வேறு உண்டோ? கட்டிலின்மேற் பாய் விரித்துப் படுத்திருக்கும் அவரிடம் மாலைதோறும் பத்திரிகையுடன் செல்வேன். இடக்கையால், கோணல் எழுத்தில், இரண்டு மூன்று கட்டங்களை நிரப்புவார். பாட்டு மாத்திரம் இல்லை.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் 1984 இல் நின்றுபோன பின்னர், 2023 ஒக்டோபர் 14 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 இல் மீண்டும் ஓடலாயிற்று. அதன்பின் வந்த ஒரு விடுமுறையில் நானும் ஓரிடம் பதிவு செய்தேன். செய்தியைக் கூறியதும் பண்டிதர் இடக்கையை நீட்டி அலுமாரியிலிருந்த தனிப்பாடற்றிரட்டைக் காட்டினார். அதனைக் கொடுத்தேன், காளமேகப் புலவர் பாடல்களுள்ள பக்கத்தைத் திருப்பினார். பின்பு அன்றைய குறுக்கெழுத்தில் மூன்று விடைகளைச் சுற்றி வட்டமிட்டார். மண், பாய், ஆறு.

குறிப்பு விளங்கிற்று. காளமேகம் பாடிய ஊரிலிருந்து நான் பாட்டோடு திரும்பவேண்டும்.

பாக்கு நீரிணையைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரமாயிற்று. பயணிகளுட் சிலர் வயிற்றைப் பிடித்தபடி கண்மூடியிருந்தனர். நான் மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

நாகபட்டினத்திலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் பஸ்வண்டியில் நாகூரைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால், தமிழ்நாட்டு எல்லை முடிந்து புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட நிலம் தொடங்குகிறது. அங்கே கடலோரத்தில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். பதினைந்தாம் நூற்றாண்டில் திருமலைராயன் என்னும் சிற்றரசன் இருந்த பட்டினம் இது. அவன் அவையில் அதிமதுரகவியும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களும் வீற்றிருந்தனர். அவர்களுக்கு எதிரே தனியனாக வந்து நின்றவர் காளமேகம். கீழே நெருப்பு, அதன்மேற் கொதிக்கும் கொப்பரை, அதற்கு மேலே தொங்கும் உறியில் புலவர், கழுத்தைச் சூழக் கத்திகள். கேட்ட சொல்லுக்குக் கேட்ட கணத்திற் பாடாவிடின் உயிர் போகும். எமகண்டம் என்று இதனைக் கதை கூறுகிறது.

காளமேகத்தின் பெயரால் வழங்கும் பாடல்களுள் ஒன்று, செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடியவேண்டும் என்று கேட்கப்பட்டதற்கு விடையாக எழுந்தது. கேட்டவர் எண்ணம் புலவரை இழிவுபடுத்துவதே. புலவரோ சொல்லைப் பிரித்துவிட்டார். செரு என்பது போர். செருப்புக்கு என்றால் போரிற் புகுந்து என்றாயிற்று. விளக்குமாறு என்பது எடுத்து விளக்கும் விதமாயிற்று. காலில் மிதிபடும் பொருளும் குப்பை கூட்டும் பொருளும் மறைந்து, பாட்டு முருகப் பெருமானைப் பற்றியதாகிவிட்டது! தந்தவர் கையிலிருந்த பொருள் வேறு, பெற்றவர் கையில் மலர்ந்த பொருள் வேறு.

அவ்வூர்த் தெருக்களில் நடந்தேன். எமகண்டம் நிகழ்ந்த இடம் யாது என்று ஒரு தேநீர்க்கடைக்காரரிடம் வினவினேன்.

"யாழ்ப்பாணத்துலேருந்தா வர்றீங்க சார்? அதெல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. புலவர் சாபம் போட்டாரு, மண்மாரி பேஞ்சு ஊரே மூடிப்போச்சுன்னு எங்க தாத்தா சொல்வாரு."

"அம்மண் இப்பொழுதும் இருக்கிறதா?" என்றேன்.

"எங்க தோண்டுனாலும் மண்ணுதானே சார் வரும்" என்று சிரித்துக்கொண்டே தேநீரை ஆற்றித் தந்தார்.

மண் கிடைத்துவிட்டது. ஆறும் தொலைவில் இல்லை. காவிரியின் கிளைகளுள் ஒன்றான திருமலைராசனாறு, அம்மன்னன் பெயரையே தாங்கி இப்பகுதியிற் கடலை நாடுகிறது. அதன் கரையில் வெகுநேரம் நின்றேன். எஞ்சியது பாய் ஒன்றே. அச்சொல்லை எண்ணுந்தோறும் பண்டிதர் படுத்திருக்கும் பாயே கண்முன் வந்தது. ஆகையாற்றான் கப்பலிலும் அதனைத் தொட மனம் கூசிற்று. அவர் ஏன் அதனைத் தெரிந்தெடுத்தார்? சுற்றியிருப்போர் சொல்லத் தயங்கிய சொல்லை அவர் தாமாகவே எடுத்து என் கையில் வைத்திருக்கிறார். விரும்பித் தேர்ந்த சொல், நாம் முன்பே அறிந்த இடத்துக்கே நம்மை அழைத்துச் செல்லும். பிறர் தந்த சொல்லோ, நாம் போக அஞ்சும் இடத்துக்கும் கைபிடித்து இழுத்துச் செல்கிறது.

காலடியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறும் மண்ணிலேதான் கிடக்கிறது, ஆயினும் பாய்கிறது. பஸ் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய அன்று மாலையே பண்டிதர் வீட்டுக்குச் சென்றேன். "வாரும் தம்பி, காலமை தொடக்கம் படலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அவர் மனைவியார். தாளிற் பெரிதாக எழுதி அவர்முன் வைத்தேன்:

மண்ணிற் கிடந்தாலும் பாய்ந்தோடும் ஆறென்றால்
பண்டிதரே பாய்விட் டெழும்.

ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார். முகத்தில் அசைவில்லை. புண்படுத்திவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் இடக்கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். 'ஆறென்றால்' என்பதன் பிற்பகுதியை ஒரு கோட்டால் வெட்டி, நெடுநேரம் முயன்று, அதன்மேல் எழுதினார்: 'ஆறன்றோ'.

தளை தட்டவில்லை, பாட்டு மாத்திரம் நிமிர்ந்து நின்றது. ஈராண்டுக்குப் பின்னர் ஆசிரியரிடம் திருத்தம் பெற்ற மாணவனானேன். அவர் எழுந்து நடக்கவில்லை; பேசவும் இல்லை. ஆனால் அன்று பத்திரிகையை எடுத்து மேலும் மூன்று கட்டங்களைச் சுற்றி வட்டமிட்டு, மறுநாளைக்கென்று என்னிடம் நீட்டினார்.