ஒன்றரை நூல்

பிஸ்கட் டின்னைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு காயம். 1966 ஃபோர்டு மஸ்டாங்கின் பானெட்டில் டயரின் வளைவு அச்சாகப் பதிந்த ஒரு பள்ளம். கழற்றிப் போட்டிருந்த டயர் ஒன்று பானெட்டின் மேல் சாய்ந்தபடி நாற்பது வருஷம் கிடந்திருக்கிறது. பழைய மாடல் கார் கிட்களில் டயர் மென்மையான வினைல். அதை வளைந்துகொடுக்க வைக்கும் சேர்மானம் மெல்ல மெல்லக் கசியும். பாலிஸ்டைரீன் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அதைக் கரைத்துவிடும். மாடல் கட்டுபவர்கள் இதை 'டயர் பர்ன்' என்பார்கள். நெருப்பு வேண்டாம், சூடு வேண்டாம், தொட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

டின் பெரியப்பாவுடையது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அவருக்கு அந்த கிட்டைக் கொடுத்தார். அவர் சேஸியை ஒட்டி, பாடியை மேலே வைத்துப் பொருத்தம் பார்த்து, ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தார். அன்றைக்கே டின்னில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். ஏன் முடிக்கவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அளவு தப்பு."

சின்ன வயதில் எனக்கு இந்த மாடல் கட்டும் பைத்தியம் வந்ததே அந்த டின்னால்தான். பத்தாம் வகுப்போடு விட்டது, நாற்பத்தாறு வயதில் திரும்பி வந்தது. வந்ததும் முதலில் பரண் ஏறினேன்.

பெரியப்பாவின் கணக்கு சுத்தமானது. நிஜக் காரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 108 அங்குலம். ஒன்பது அடி. அடிக்கு அரை அங்குலம் என்று குறைத்தால் மாடலில் நாலரை அங்குலம் வர வேண்டும். வந்தது நாலே கால் அங்குலமும் அரை நூலும். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். ஆக, ஒன்றரை நூல் குறைவு. வாழ்நாள் முழுக்க மயிரிழைக்கு மல்லுக்கட்டிய மனிதருக்கு ஒன்றரை நூல் என்பது துரோகம்.

வெர்னியரை வைத்து நான் அளந்தபோது 109.7 மில்லிமீட்டர் காட்டியது. 108 அங்குலத்தை மில்லிமீட்டராக்கி இதனால் வகுத்தால் 24 வரவில்லை, 25 வந்தது. கார் சரியாகத்தான் இருந்தது. அடிக்கு அரை அங்குலம் என்றால் 1/24. இது 1/25. பெட்டி தொலைந்துபோனதால் அவர் பார்க்காத ஒரே விஷயம் அதில் அச்சடித்திருந்த அந்தப் பின்னம்.

போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அவன் ஊர்ல அடியும் அங்குலமும்தானேடா? பன்னெண்டு அங்குலம் ஓர் அடின்னு வாழறவன் எதுக்கு இருபத்தஞ்சால வகுக்கிறான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்ட உட்கார்ந்தவன் தேட ஆரம்பித்தது அந்தக் கேள்வியால்தான்.

கேள்வி நியாயமானது. பொம்மை வீடுகளின் 1/12 அடிக்கு ஓர் அங்குலம், 1/24 அரை அங்குலம், 1/48 கால் அங்குலம். எல்லாம் பன்னிரண்டின் பிள்ளைகள். விமான மாடல்களின் 1/72 கூட ஆறு அடிக்கு ஓர் அங்குலம்தான். இந்தக் குடும்பத்தில் 25 ஒட்டவே ஒட்டாது. அதைவிட வேடிக்கை, மெட்ரிக் நாடான ஜப்பான் தன் கார் மாடல்களை 1/24-இல் செய்கிறது. அங்குல நாடான அமெரிக்கா 1/25-இல் செய்கிறது. வேட்டியும் புடவையும் மாறிப்போன மாதிரி.

இரண்டு வாரம் ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரும் ஒரு துளியும். அதாவது 1/25-இல் அங்குலம் அப்படியே மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது! நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். வீல்பேஸ் 108 அங்குலம், மாடலில் 109.7 மில்லிமீட்டர். அகலம் 68.2 அங்குலம், மாடலில் 69.3. சக்கரம் 14 அங்குலம், மாடலில் 14.2. இடது பக்க எண்ணும் வலது பக்க எண்ணும் கைகோத்துக்கொண்டு நின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு பம்பரை அளந்துகொண்டிருந்தேன். இதுதான் ரகசியம் என்று மனசு அடித்துச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்பதுகள்ல டெட்ராய்ட் டூல் ரூம்ல மில்லிமீட்டர் ஸ்கேல் எவன்டா வெச்சிருந்தான்? அளக்கறவன் கையில இல்லாத ஸ்கேலுக்கு எவனாவது மாடல் செய்வானா?"

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். பெரியம்மா காபி கொண்டுவந்தார். இரண்டு வார உழைப்பு போன வருத்தம் இருந்தது. ஆனால் நான் தேட வேண்டிய இடத்தையும் அவர் சொல்லிவிட்டார்: அளக்கிறவன் கை.

அந்தக் கைகள் இருந்தது டெட்ராய்ட்டைச் சுற்றித்தான். ஏஎம்டி நிறுவனம் மிச்சிகனின் ட்ராய் நகரில், ஜோ-ஹான் டெட்ராய்ட்டிலேயே, 1963-இல் தொடங்கிய எம்பிசி மவுண்ட் கிளெமன்ஸில். பெரிய கார் கம்பெனிகளின் வாசலிலேயே குடியிருந்தார்கள். ஏஎம்டி என்பது 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்பதன் சுருக்கம். 1948-இல் வெஸ்ட் கலோக்லி என்ற வக்கீல் தொடங்கியது. முதல் மாடல் ஒரு ஃபோர்டு கார், அலுமினியத்தில் வார்த்து நிஜ ஃபோர்டு பெயிண்டே அடித்தது. சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அப்போது அவை கடையில் வாங்கும் பொம்மைகள் அல்ல. கார் ஷோரூம்களுக்காகச் செய்தவை. புதுக் கார் எந்தெந்த நிறத்தில் வருகிறது என்று காட்டவும், கார் பார்க்க வந்த அப்பாவின் கூட வந்த பையனிடம் கொடுத்தனுப்பவும். 'ப்ரோமோ' என்று பெயர். புதுக் கார் ஷோரூமுக்கு வரும் அன்று சின்னக் காரும் வந்தாக வேண்டும். அதனால் கார் கம்பெனியே தன் வரைபடங்களை முன்கூட்டியே மாடல்காரர்களிடம் கொடுத்துவிடும். தொடக்கத்தில் அசிட்டேட் பிளாஸ்டிக்கில் செய்ததால் பல கார்கள் வருஷக்கணக்கில் வெயிலில் போட்ட பலகை போலக் கோணிப்போயின. பின்னால்தான் ஸ்டைரீன் வந்தது. 1958-இல் ஏஎம்டி அதே கார்களைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, கூடுதல் பாகங்களும் சேர்த்து, மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்றது: ஷோரூமில் நிற்பது போல, நம் இஷ்டத்துக்கு மாற்றி, அல்லது ரேஸ் கார். நாம் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் 1/25 கிட் அந்த ஷோரூம் பொம்மையின் பிள்ளை.

சரி, அச்சு எப்படி வெட்டினார்கள்? அங்கேதான் கதவு திறந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். முதலில் மரத்தில் பெரிய மாதிரி செதுக்குவார்கள், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. பிறகு பாண்டோகிராஃப். ஒரு முனை பெரிய மாதிரியின் மேல் ஊர்ந்து போகும். மறு முனையில் உள்ள வெட்டுளி அதே வளைவைச் சின்னதாக உலோகத்தில் வெட்டும்.

இதைச் சொன்னபோது பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பத்துல ஒண்ணை இருபத்தஞ்சுல ஒண்ணாக்கணும்னா ரெண்டரை. பாண்டோகிராஃப்ல ரெண்டரைக்கு ஒண்ணுன்னு வெச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். இருபத்திநாலுன்னா ரெண்டு புள்ளி நாலு." பென்சிலைத் தேடினார். "அந்த ஊர்க் கார் டிராயிங்ல அடி எங்கடா இருக்கு? எல்லாம் டெசிமல் இன்ச். நூல், வீசம் எல்லாம் தச்சனுக்கு. மெஷினிஸ்ட்டுக்கு தவுதான்."

அவர் சொன்னது சரி. ஃபோர்டு கம்பெனி 1930களிலேயே அங்குலத்தைப் பின்னமாக உடைப்பதை விட்டுத் தசமத்துக்கு மாறியிருந்தது. தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. நம்மூர் லேத் பட்டறைகளிலும் இன்றுவரை புழங்கும் சொல். டின் மூடியிலேயே எழுதிக் காட்டினார். 1/25-இல் ஓர் அங்குலம் சரியாக 40 தவு. 1/24-இல் 41.666 என்று முடிவே இல்லாமல் ஓடும். 108 அங்குலத்தை 40 தவுவால் பெருக்கினால் 4.32 அங்குலம். அடியை மறந்து தவுவில் யோசிப்பவனுக்கு 25-ஐப் போல லட்சணமான எண் கிடையாது.

வீடு கட்டுகிறவன் அடியில் நினைக்கிறான், என்ஜின் செய்கிறவன் தவுவில் நினைக்கிறான். என் பெரியப்பா தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன், அலமாரி செய்யும்போது தச்சர். அன்றைக்கு ஸ்டீல் ஸ்கேலில் அவர் பார்த்தது நூல் பக்கத்தை. நாற்பது வருஷப் பிணக்குக்கு அவ்வளவுதான் காரணம் என்பது என் முடிவு. அவரிடம் சொல்லவில்லை.

"அப்ப ஜப்பான்காரன்?" என்று அடுத்த வாரமே ஆரம்பித்தார். அவருக்குச் சொல்ல எனக்கு ஷிசுவோகா நகரத்துக் கதை ஒன்று கிடைத்தது. டாமியா நிறுவனம் போருக்குப் பின் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாடல் செய்து, 1960-இல் யமாடோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. அடுத்து மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி. அது நன்றாக விற்றதும் அதே அளவில் மற்ற டாங்கிகளும் செய்யலாம் என்று ஷுன்சாகு டாமியா அதை அளந்து பார்த்தார். நிஜத்தில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அந்த அளவை எந்த ஸ்கேலும் தீர்மானிக்கவில்லை. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும், அவ்வளவுதான். இன்று உலகமெங்கும் டாங்கி மாடல்கள் 1/35-இல் வருவதற்கு மூலகாரணம் ஒரு பேட்டரியின் பருமன். பிறகு போர்ஷே மாடல் செய்வதற்காக அதே மனிதர் நிஜ 911 கார் ஒன்றையே வாங்கிப் பிரித்துப்போட்டார்.

பெரியப்பா இதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பேட்டரிக்காகச் செய்த அளவு என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். 1/24 பற்றிய கேள்வி எங்கேயோ போய்விட்டது. வாங்கிப் பிரித்த காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பானெட்டுக்குப் பட்டி பார்க்க மூன்று நாள் ஆனது. மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பள்ளம் தெரியாது. ஆனால் பிரைமர் அடித்ததும் வெளிச்சத்தில் அந்த வளைவு மறுபடி நிழலாகத் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. நான்காவது பிரைமரில்தான் மறைந்தது. குரோம் பாகங்களில் ஒட்டும் இடத்தை மட்டும் பிளேடால் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் பசை அந்தப் பளபளப்போடு கையோடு வந்துவிடும்.

போன ஞாயிறு பெரியப்பா வீட்டு மேஜையில் சேஸியை வைத்தேன். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அச்சுத் துளைகளுக்கு நடுவே பார்த்தார். "நாலே கால், அரை நூல்," என்றார் வாய்க்குள். பென்சிலை எடுத்து டின் மூடியின் உட்புறத்தில், டிராயிங் ஷீட்டின் மூலையில் எழுதுவது போல ஒரு கட்டம் போட்டு, 'ஸ்கேல் 1:25' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார்.

பிறகு பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை எடுத்து வரச் சொன்னார். சக்கரத்தின் விளிம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, நகத்தால் அழுத்திவிட்டு, டயருக்காகக் கையை நீட்டினார்.