விடுபடும் நாட்கள்

முதல் நாள்

ஆபாசப் படம் பார்ப்பது வேறு. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் தவிப்பது வேறு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில், கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. பலமுறை முயன்றும் கட்டுப்படுத்த இயலாமை, அது ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது, தூக்கம், வேலை, உறவு கெடுவது ஆகியவை அடையாளங்கள். பாவம் செய்துவிட்டோம் என்ற உறுத்தல் மட்டும் இருந்தால் அது நோயாகாது.

முதல் வாரம்

சிகிச்சையில் முதலில் கைக்கு வருவது ஒரு நோட்டு. ஆசை எழும்போதெல்லாம் நேரம், இடம், மனநிலை, பிறகு நடந்தது ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, உத்திரமேரூர் வட்டார இளைஞர்கள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார்கள். அவர்களில் ஒருவரின் நோட்டில், "இரவு 12.30. மொட்டை மாடி. ஷிஃப்ட் முடிந்த அலுப்பு, பேச ஆளில்லை. ஒரு மணி நேரம் பார்த்தது" என்று இருக்கக்கூடும். இப்படி நாலு வரி சேர்ந்தால், காமத்தைவிட அலுப்பும் தனிமையுமே செல்போனை எடுக்க வைக்கின்றன என்பது பலருக்குப் புலப்படும்.

இரண்டாம் வாரம்

காரணம் தெரிந்தபின் சூழலை மாற்ற வேண்டும். போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, படுக்கையறைக்கு அலாரம் கடிகாரத்தோடு போகலாம். தடுப்புச் செயலியின் கடவுச்சொல்லை நம்பகமான நண்பரிடம் கொடுத்துவைக்கலாம். ஆசை ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாகவே இறங்கும். அதுவரை முகம் கழுவலாம், நாலு எட்டு நடக்கலாம்.

முதல் மாதம்

சறுக்கல் வரும். "எல்லாம் போச்சு" என்ற குற்ற உணர்வுதான் மறுபடியும் அதே திரைக்கு இழுக்கிறது. சறுக்கலையும் நோட்டில் எழுதி, அதற்கு முன்பு என்ன நடந்தது என்று பார்ப்பதே மருந்து.

மூன்றாம் மாதம்

காலியான நேரத்தைக் கபடி, படிப்பு, நண்பர்களின் பேச்சு என்று நிரப்பாவிட்டால் பழக்கம் திரும்பிவிடக்கூடும். மனச்சோர்வோ பதற்றமோ அடியில் இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இணையம், செல்போன் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது.

பார்க்காத நாட்களின் எண்ணிக்கை குணத்தின் அளவுகோல் அல்ல. தூக்கமும் வேலையும் உறவும் சீராகி, வேண்டாம் என்று நினைத்தபோது நிறுத்த முடிந்தால், அதுவே விடுதலை.