மறு ஆட்டம்

சித்தூரிலே பிறந்த தமிழனுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டிலே தமிழ்; வீதியிலே தெலுங்கு. திருப்பதியில் விடுதிக்கு வந்த பிறகோ, கிரிக்கெட் பருவம் பிறந்துவிட்டால் போதும், "நீ சென்னைப் பக்கமா, ஹைதராபாத் பக்கமா?" என்று நண்பர்கள் மடக்கிவிடுவார்கள். இருவருக்கும் பொதுவான ஓர் அணியை நான் சொல்வேன். அது இந்தியக் கால்பந்து அணி. உடனே சிரிப்பு எழும். "அது யாரை வென்றது?" என்பார்கள். கேள்வி நியாயமானதே. விடையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓர் அணியை வெற்றி தோல்விக் கணக்கால் மட்டும் எடை போடக் கூடாது. தன்னைத் தோற்கடித்தவரை மறுமுறை சந்தித்தபோது அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதுவே உரைகல்.

1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 1-2 என்று தோற்றோம். நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. நாணத்தக்க தோல்விதான், ஐயமில்லை. ஆனால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டோமா? இல்லை. வெறுங்கால் ஆட்டத்துக்கு விடை கொடுத்தோம். ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரகீம், பந்தைக் காலில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் தோழனுக்குத் தள்ளும் ஆட்டத்தில் வீரர்களைப் பழக்கினார்.

பலன் என்ன? 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது, முடிவில் 1-4. தோல்விதான் என்றாலும், பத்து நான்காகக் குறைந்தது அன்றோ! 1960-இல் ரோமில் பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தோம். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம்.

ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக நமக்காகக் கோல் அடித்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 1956 நவம்பர் 1 அன்று சித்தூரும் ஹைதராபாத்தும் ஒரே மாநிலமாயின. சரியாக ஒரு மாதம் கழித்து ஆஸ்திரேலியாவை வென்றோம். அந்த மெல்போர்ன் அணியிலும் பலராம் இருந்தார். 2014-இல் ஹைதராபாத் தெலங்கானாவுக்குச் சென்றது. 2023-இல் பலராம் மறைந்தார். எல்லைக் கோடுகள் இடம் மாறலாம். அவர் அடித்த கோல்கள் யாருடையவை என்று எவரும் பங்கு பிரிக்க முடியாது. எந்தப் பக்கம் என்று கேட்போருக்கு நான் அவர் பெயரைத்தான் சொல்கிறேன்.

பழம்பெருமை பேசி நின்றுவிடுவது முறையன்று. அதே உரைகல்லில் இன்றைய நிலையையும் உரைத்துப் பார்ப்போம். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா நம்மை 2-0 என்று வென்றது. மூன்று ஆட்டங்களில் நாம் ஒரு கோலும் அடிக்கவில்லை. மார்ச்சில் குவாஹாத்தியில், நம் மண்ணிலேயே, ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். அன்று தோல்விக்கும் மறு சந்திப்புக்கும் நடுவே உழைப்பு இருந்தது. இன்று ஏக்கம் மட்டும் இருந்தால் போதுமா?

மாணவர்களாகிய நம்மால் நாட்டின் அணியைத் திருத்த இயலாது. நம் மைதானம் நம் கையில் இருக்கிறது. மாலைதோறும் அதன் நான்கு மூலையிலும் ஸ்டம்புகள் நிற்கின்றன. ஒரு மூலையைப் பந்துக்கு விடுங்கள். வகுப்புகளுக்கிடையே போட்டி வையுங்கள். தோற்ற வகுப்பைக் கேலி செய்து அனுப்பிவிடாமல், ஒரு மாதம் பயிற்சிக்கு விட்டு, வென்ற வகுப்போடு மீண்டும் ஆடச் செய்யுங்கள். பத்து நான்காகிறதா என்று பார்ப்போம்.