காற்றைத் தாங்கும் தோழர்

மிதிவண்டி நம் நாட்டில் தொழிலுக்குச் செல்ல உதவும் ஊர்தி. பால் கொண்டு செல்வோரும், ஆலைக்கு விரைவோரும், பள்ளிக்குச் செல்லும் மாணவரும் அதனை நாள்தோறும் மிதிக்கின்றனர். ஆனால், மிதிவண்டி மிதிப்பதையே தொழிலாகக் கொண்டு, அதற்கு ஊதியம் பெற்று வாழ்வோரும் உலகில் உளர். அவர்கள் நெடுஞ்சாலைப் பந்தய வீரர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோது ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவர்களுள் பெரும்பாலோர் தாம் வெல்வதற்காக மிதிப்பதில்லை. தம் அணியின் தலைவர் வெல்வதற்காகவே மிதிக்கின்றனர்.

இப்பந்தயங்களுள் தலைசிறந்தது டூர் டி பிரான்சு என்பதாகும். 1903-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் ஒன்று, தன் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு இதனைத் தொடங்கியது. முதற் பந்தயத்தில் 60 பேர் புறப்பட்டனர். 21 பேரே இறுதிவரை சென்றனர். வெற்றி பெற்ற மோரிஸ் காரன் என்பவர், இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். இக்காலத்தில் இப்பந்தயம் 21 கட்டங்களாக மூன்று வாரம் நடைபெறுகின்றது. வீரர்கள் ஆல்ப்சு, பிரனீசு மலைகளில் ஏறி இறங்கி, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் கடக்கின்றனர். எல்லாக் கட்டங்களையும் கூட்டிப் பார்க்கையில் குறைந்த நேரம் எடுத்துக்கொண்டவரே வெற்றியாளர். அந்நாள்வரை முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிந்து செல்வார்.

இத்துணைத் தொலைவை ஒருவர் தனியே ஓடி வெல்லுதல் அரிது. ஏன் எனின், சமநிலத்தில் விரைந்து செல்லும் வீரருக்குப் பெரும்பகை காற்றே ஆகும். இவ்வுண்மையை அறிய ஐரோப்பாவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. எங்கள் ஆலங்குளத்துச் சாலையே போதும். ஆடி மாதத்தில் மேற்கு மலைத்தொடரின் கணவாய் வழியே புகும் காற்று, கரிசல் காட்டின்மீது தடையின்றி வீசும். சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலகங்களில் வேலை முடித்து மாலையில் ஊர் திரும்புவோருக்கு அஃது எதிர்காற்று. என் இளமையில் அவர்கள் மிதிவண்டிகளில் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி வருவதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். நானும் அவ்வரிசையில் சேர்ந்து வந்ததுண்டு. முன்னவர் முதுகு காற்றைத் தடுக்கும். பின்னவர் கால் இளைப்பாறும். முன்னவர் களைத்தால் ஒதுங்கிக் கடைசிக்குச் செல்வார். அடுத்தவர் முன் வருவார். யாரும் ஆணையிடுவதில்லை, ஆயினும் யாரும் தம் முறையைத் தவறவிடுவதில்லை.

பந்தய வீரர்கள் கையாளும் கலையும் இதுவே. மற்றொருவர் பின்னே ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்களவு குறையக்கூடும். ஆகவே ஓர் அணியில் எட்டுப் பேர் இருப்பின், ஒருவர் தலைவர். பெரும்பாலும் ஏனையோர் அவருக்கு உதவியாளர். அவர்கள் முன்சென்று காற்றைத் தாங்குவர். பின்னே வரும் அணியின் மகிழுந்திலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து கொடுப்பர். தலைவர் விழுந்தால் காத்திருப்பர். அவர் சக்கரம் பழுதுற்றால் தம் சக்கரத்தைக் கழற்றித் தருவர்.

1934-ஆம் ஆண்டில் ரெனே வியெத்தோ என்னும் இளைஞருக்கு இக்கடமை வந்தது. பிரெஞ்சு அணியில் இடம்பெற்ற அவருக்கு வயது 20. அதற்குமுன் விடுதியொன்றில் ஏவலராக இருந்தவர். மலையேற்றத்தில் அவருக்கு நிகரானவர் அவ்வாண்டில் அரியர். அணித்தலைவரான அந்தோனின் மாஞ் என்பவரே மஞ்சள் சட்டை அணிந்திருந்தார். பிரனீசு மலைச்சரிவில் மாஞ் விழுந்தார். அவருடைய சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் சென்றுவிட்டார். மாற்றுச் சக்கரம் வரும்வரை, சாலையோரக் கற்சுவரின்மேல் அமர்ந்து வியெத்தோ கண்ணீர் விட்டார். அக்காட்சியைக் காட்டும் நிழற்படம் பிரான்சு நாடெங்கும் பரவியது.

மறுநாளும் சோதனை வந்தது. வியெத்தோ முன்னே சென்றுகொண்டிருந்தார். பின்னே மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. செய்தி அறிந்த வியெத்தோ, இறங்கி வந்த மலைப்பாதையிலேயே திரும்பி ஏறிச்சென்று தம் வண்டியையே ஈந்தார். இறுதியில் மாஞ் வென்றார். வியெத்தோ மலையேற்றப் பரிசையும் ஐந்தாம் இடத்தையும் பெற்றார்.

வேறோர் ஆண்டில் இப்பந்தயத்தை அவர் வென்றாரா? இல்லை. 1939-இல் அவர் இரண்டாவதாக வந்தார். பின்னர்ப் போர் மூண்டு, 1947 வரை இப்பந்தயம் நடைபெறவில்லை. 1947-இல் பல நாள் மஞ்சள் சட்டையுடன் ஓடினார். முடிவு நெருங்கிய வேளையில், 139 கிலோமீட்டரைத் தனித்தனியே கடக்க வேண்டிய கட்டத்தில் பின்தங்கினார். அங்கே காற்றைத் தடுக்க எவரும் இல்லை.

நம் நாட்டில் இத்தொழிலில் இறங்கியோர் மிகச் சிலர். அமெரிக்காவில் பொறியியல் பயிலச் சென்றபோது இப்பந்தயத்தில் பழகிய நவீன் ஜானும், அரவிந்த் பன்வாரும் 2016-இல் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டனர். மிதிவண்டி பெருகிய நாட்டில் இனியும் பல வீரர் தோன்றலாம்.

அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. எங்கள் ஊர் வரிசையில் அனைவருக்கும் முறை உண்டு. முன்னின்று உழைத்தவர் பின்சென்று இளைப்பாறுவார். பந்தய அணியில் தலைவருக்கு அம்முறை இல்லை. அவருக்காகப் பிறரே காற்றைத் தாங்குகின்றனர். தியாகம் சிறந்தது என்று கூறி நாம் அமைதியடைதல் எளிது. ஆனால் கற்சுவரின்மேல் இருந்து அழுத இளைஞருக்கு நம் புகழ்மொழி ஈடாகாது. உதவியவருக்கு உரிய ஊதியமும், உரிய காலத்தில் வெல்ல ஒரு வாய்ப்பும் தருவதே நீதி. வென்றவர் தம் பெயரைக் கூறும்போது, தமக்கு முன்னே காற்றைத் தாங்கிச் சென்றவர் பெயரையும் சேர்த்துக் கூறுவாராயின், அவ்வெற்றி முழுமை பெறும். இது பந்தயத்திற்கு மட்டும் உரியதன்று. பலர் உழைப்பால் ஒருவர் உயரும் இடமெங்கும் பொருந்துவதாகும்.